வன்னியில் தினமும் ராமெனும் டம்ப்ளிங்கும் சாப்பிட முடியுமா?

கேள்வி, பெப்ரவரி 27

“யூரியூப்பில் ஒருவர் ஒரு மாதம் முழுக்க ராமெனும் டம்ப்ளிங்கும் மட்டும் சாப்பிட்டுக் காட்டுகிறார். அவர் இருப்பது ரோக்கியோவில், தெருவுக்குத் தெரு கடை. கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைச் செய்யப் போனால் கடைசியில் பைக்கற் நூடில்ஸில்தான் வந்து நிற்கும். ஒரு கிழமை தாண்டாது, வாய் அவிந்து வயிறு ஊதிப்போகும். இது எங்களுக்குச் சரிவராத விளையாட்டு. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.”

பெப்ரவரி 27, இரவு

மறுக்கிறேன்.

பைக்கற்றை வைத்து ராமெனை எடைபோடக் கூடாது. ராமென் என்றால் அடிப்படையில் சாறு, அந்தச் சாற்றுக்கு உப்பும் சுவையும் கொடுக்கிற ‘தாரே’ என்ற கூட்டு, கோதுமை நூடில்ஸ், மேலே மணத்துக்கு ஒரு கரண்டி எண்ணெய். முட்டையும் இறைச்சியும் கீரையும் அதற்குப் பிறகுதான். இதில் எது எங்களிடம் இல்லை? மாசிக் கருவாடு இருக்கிறது, நெத்தலிக் கருவாடு இருக்கிறது, ஊர்க்கோழி முற்றத்தில் கிளறிக்கொண்டு நிற்கிறது. உப்புக்கு ஆனையிறவு பக்கத்தில். சோயா சோஸும் கோதுமை மாவும் மூலைக்கடையிலேயே கிடைக்கும்.

என் தம்பி ஜப்பானில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வேலை முடிந்து அறைக்குப் போய் அவன் அனுப்புகிற குரல் பதிவுகளில் பாதி சாப்பாட்டுக் கதைதான். அதைக் கேட்டுக் கேட்டே எனக்கு இந்த ஆசை வந்தது. அரிவி வெட்டு முடிந்துவிட்டது, கையில் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. நாளைக்கே தொடங்குகிறேன். மத்தியானம் ராமென், இரவு டம்ப்ளிங், அதாவது எங்கள் கொழுக்கட்டை மாதிரி மாத் தோலுக்குள் உள்ளீடு வைத்து மடித்து அவிப்பது. காலையில் வீட்டில் என்ன இருக்கிறதோ அது. பைக்கற் நூடில்ஸ் தொடுவதில்லை. வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அம்மாவையும் இதற்குள் இழுப்பதில்லை, அவர்களுக்கு வழமையான சோறு கறி.

மார்ச் 1

முதலில் சாறு, ஏனென்றால் சாறு சரிவந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

ஜப்பானில் சாற்றுக்குப் போடுகிற கட்சுவோபுஷியும் நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசியும் ஒரே மீன், சூரை. இரண்டையும் அவித்து, புகை போட்டு, காயவைத்துத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் நல்ல தரத்துக்கு அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கவிட்டு இன்னும் உலர்த்துவார்கள், நாங்கள் அதுவரை போவதில்லை. சுவை எங்கிருந்து வருகிறது என்பதைக்கூட அவர்கள்தான் ஆராய்ந்து எழுதினார்கள். 1908 இல் இக்கேடா கிகுனாயே என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றில் இருந்து குளுட்டமேற் என்ற சுவைப்பொருளைப் பிரித்தார். 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா காய்ந்த சூரையில் இருந்து இனோசினேற் என்ற இன்னொரு சுவைப்பொருளைக் கண்டார். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும். எங்களிடம் அந்தக் கடற்பாசி இல்லை. ஆனால் பழுத்த தக்காளியில் குளுட்டமேற் நிறைய இருக்கிறது, சோயா சோஸிலும் இருக்கிறது. மாசிச் சம்பலில் தக்காளி சேர்த்து அரைக்கிற வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கை நாக்கால் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள்.

நெத்தலியின் தலையையும் குடலையும் கிள்ளி எறிய வேண்டும், இல்லையென்றால் சாறு கைக்கும். எங்கள் நெத்தலிக் கருவாட்டில் உப்பு கூட, அதனால் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, இரவே பச்சைத்தண்ணீரில் ஊறவிட வேண்டும். காலையில் மெல்லிய நெருப்பில் வைத்து, கொதிக்கத் தொடங்க முன் இறக்கி வடித்துவிட்டு, இடித்த மாசியைப் போட்டு மூடிவைத்தால் போதும். இன்றைக்குக் கிடைத்த சாறு தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தது. தம்பிக்குப் படம் அனுப்பினேன்.

மார்ச் 4

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதிய தங்கச்சிக்கு. நூடில்ஸ் மா பிசையப் பிசைய உதிர்கிறது, உருட்டினால் வெடிக்கிறது என்கிறீர்கள். நீங்கள் எடுத்தது அவித்த மா என்று நினைக்கிறேன். எங்கள் வீடுகளில் கோதுமை மாவைக் கடையால் கொண்டுவந்ததும் துணியில் கட்டி அவித்து, அரித்து, போத்தலில் போட்டு வைத்துவிடுவோம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் வேண்டும், ஏனென்றால் அவித்த மாவில் இழுவை இருக்காது, புட்டு கட்டிபடாமல் உதிரியாக வரும். நூடில்ஸுக்கு வேண்டியது அந்த இழுவைதான். மாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பின்னி இழுபட வேண்டும், அவித்தால் அந்தப் புரதம் முன்னமே வெந்துவிடும். ஆகவே பச்சை மா எடுங்கள்.

அடுத்தது சோடா. ராமென் நூடில்ஸுக்கு மஞ்சள் நிறமும் வழுக்கலும் கடிபடுகிற பதமும் வருவது முட்டையால் இல்லை, காரத்தால். உறைப்பைச் சொல்லவில்லை, சோடாக் காரத்தைச் சொல்கிறேன். அங்கே சோடியம் காபனேற்றும் பொற்றாசியம் காபனேற்றும் கலந்த ‘கான்சுய்’ என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். இங்கே அப்பச்சோடாவை அடி கனத்த சட்டியில் மெல்லியதாகப் பரவி, மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரம் அளவில் வறுத்தால் அது சோடியம் காபனேற்றாக மாறும். வறுக்க வறுக்க நிறை குறையும், 100 கிராம் போட்டால் 63 கிராம் அளவில் மிஞ்சும். குறைந்திருந்தால் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

500 கிராம் பச்சை மாவுக்கு வறுத்த சோடா 6 கிராம், உப்பு 5 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர். தண்ணீர் போதாது என்று தோன்றும். கூட்ட வேண்டாம். புட்டுமா பதத்தில் உதிரியாக இருக்கும்போதே கையால் அமத்திச் சேர்த்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு உருட்டி, மடித்து, திரும்ப உருட்டி, கத்தியால் வெட்டுங்கள்.

மார்ச் 5

வறுத்த சோடாவை வெறுங்கையால் அளைய வேண்டாம், தோல் எரியும். பிள்ளைகள் சீனி என்று எடுக்காத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். அலுமினியச் சட்டியும் வேண்டாம், காரம் அதை அரிக்கும்.

மார்ச் 9

இடியப்ப உரலில் பிழியலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கும் அதே ஆசைதான், வெட்டுகிற வேலை மிச்சம். ஆனால் இந்த மா உரலுக்குள் இறங்காது, உரல் பிடி உடைந்தாலும் இறங்காது. தண்ணீர் கூட்டி இளக்கினால் முறுக்கு உரலின் பெரிய கண்ணால் இறங்குகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது, ஆனால் சாற்றில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடுகிறது. மடித்து மடித்து உருட்டும்போதுதான் இழுவை ஒரே பக்கமாக வரிசைப்படும், பிழியும்போது அது நடப்பதில்லை. உருட்டுகிற கட்டைக்கு வீட்டுக்காரர் பாலைக் கம்பு ஒன்று சீவித் தந்தார். நல்ல பாரம், கை பாதி வேலைதான் செய்கிறது.

மார்ச் 15

டம்ப்ளிங் பற்றி இதுவரை எழுதாமல் விட்டதற்குக் காரணம் அம்மா. இந்த வேலையை அவர்தான் என் கையில் இருந்து பறித்துக்கொண்டார்.

தோலுக்கு மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். கொழுக்கட்டைக்குச் செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறோம், மா கொஞ்சம் வெந்து இணங்கி வரும், மடிக்கும்போது கிழியாது. உள்ளே நந்திக்கடல் இறால், பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிந்த கோவா (முட்டைக்கோஸ்), இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், கொஞ்சம் மிளகு. கோவாவைப் பிழியாமல் போட்டால் உள்ளுக்குள் தண்ணீர் விட்டுத் தோல் கரைந்துவிடும். இறாலில் பாதியை அரைத்தும் பாதியை வெட்டியும் போடுகிறேன், அப்போதுதான் ஒட்டும், கடிக்கவும் ஏதாவது இருக்கும்.

நான் மேசையில் வைத்து, தம்பி அனுப்பிய காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தார். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து விளிம்பைக் கிள்ளி, மடித்து, கிள்ளி, மடித்து, ஒரு மூச்சுக்குள் முடிந்தது. மடிப்பெல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. பல்லுக்கொழுக்கட்டைக்கு விளிம்பு பின்னுகிற அதே கை. எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் பல் முளைத்தபோது அவர் போய் அவித்துக் கொடுத்திருக்கிறார். “இதுக்கு ஏன் ஃபோனைப் பாக்கிறாய் பிள்ளை” என்றார்.

அவிப்பதற்குப் பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டி. வாழையிலையை நறுக்கி அடியில் போட்டு அடுக்குகிறேன். உலோகத் தட்டில் அவித்தால் மூடியில் இருந்து தண்ணீர் சொட்டித் தோல் பிசுபிசுக்கும். பனையோலை அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். பொரித்து அவிக்கிற ஜப்பானிய டம்ப்ளிங்கான கியோசா வேண்டுமானால் தாச்சியில் எண்ணெய் விட்டு அடி சிவந்ததும், அரைக் கோப்பை தண்ணீரை ஊற்றி உடனே மூடிவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் திரும்பச் சடசடக்கும், அப்போது இறக்கலாம்.

அம்மா மடித்தாரே தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இரவு படுக்கும்போதுதான் சொன்னார். 2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்த மாதங்களில் நிவாரணமாக வந்த மாவும் பருப்பும்தான் சாப்பாடு. அரிதட்டு இல்லாமல் சீலைத் துணியால் மாவை அரித்து, ரொட்டியாகச் சுட்டு, கொழுக்கட்டையாக உருட்டி, அதையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டோம். நான் அப்போது சிறுபிள்ளை, எனக்கு ரொட்டியின் கருகல் மணம்தான் நினைவிருக்கிறது. அம்மாவுக்கு அந்த மாவின் பசை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மார்ச் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பட்டினி கிடந்த மண்ணில் சாப்பாட்டை வைத்துச் சவால் விடுவது சரியா என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

ஜப்பானிலும் ராமெனும் கியோசாவும் நிறைந்த வயிற்றில் இருந்து பரவவில்லை. 1945 இல் போர் முடிந்தபோது அங்கே அரிசி விளைச்சல் மிக மோசம், நகரங்கள் எரிந்து கிடந்தன. அமெரிக்காவில் இருந்து வந்த கோதுமைதான் வயிற்றை நிரப்பியது. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் இருந்து திரும்பிய படையாட்களும் குடும்பங்களும் அங்கே கற்ற கியோசாவைத் தெருவோரத்தில் சுட்டு விற்றார்கள். உற்சுனொமியா என்ற ஊர் இன்றைக்குக் கியோசாவுக்குப் பேர்போனது, அந்த ஊரில் இருந்த படைப்பிரிவு மஞ்சூரியாவில் நின்றுவிட்டு வந்தது. பைக்கற் நூடில்ஸைக் கண்டுபிடித்த அண்டோ மொமொஃபுக்குவும் ஒசாக்காவில் ஒரு ராமென் வண்டிக்கு முன்னால் குளிரில் நின்ற வரிசையைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். 1958 இல், வீட்டுக்குப் பின்னால் போட்ட கொட்டிலில் அதைச் செய்து முடித்தார். அந்தச் சனம் நிவாரண மாவை எடுத்துத் தங்களுடைய மீனையும் கோழியையும் போட்டு, தாங்கள் விரும்பிச் சாப்பிடுகிற ஒன்றாக ஆக்கியது. எனக்கு அதில்தான் மரியாதை.

அதனால் நிறுத்தவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கோதுமைத் தோல் இல்லாமல் வேறாகச் செய்யப்போகிறேன். பச்சையரிசி மாவில், கொழுக்கட்டைத் தோலாக, உள்ளுக்கு அதே இறால்.

மார்ச் 19

அரிசி மாத் தோலில் அம்மா சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் மிளகு போடச் சொன்னார்.

மார்ச் 28

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

வவுனியா வடக்கில் இருந்து எழுதிய ஐயா, உங்களுடைய கவலை முழுக்கச் சரி. அந்தப் பக்கம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனை கமக்காரக் குடும்பங்கள் அல்லற்படுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்வதே உப்பைக் குறை என்பதுதான். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தச் சவாலை அவருக்குக் காட்டவே வேண்டாம்.

மற்றவர்களும் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சின்னத் தேக்கரண்டிதான். ராமென் கடைச் சாற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் உப்பு இருக்கலாம். அரை லீற்றர் சாறு என்றால் 7 கிராமுக்கு மேல். ஒரு கிண்ணத்தோடு நாள் கணக்கு முடிந்து கடனும் ஆகிவிடுகிறது, அதன்மேல் இரவு டம்ப்ளிங்குக்குச் சோயா சோஸ் தொட்டால் என்ன நடக்கும்? தம்பி சொல்கிறான், அங்கேயும் வயதானவர்கள் நூடில்ஸைச் சாப்பிட்டுவிட்டுச் சாற்றைப் பாதியில் வைத்துவிடுவார்களாம்.

நான் செய்வது இது. கிண்ணத்தைச் சின்னதாக்கினேன், சாறு 250 மில்லிலீற்றர்தான். தாரேயைத் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுகிறேன், கண்ணால் ஊற்றுவதில்லை. மாசியைக் கூட்டி உப்பைக் குறைக்கிறேன். சுவை குறைந்தது மாதிரித் தெரிந்தால் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் நாக்கு உப்பைத் தேடுவதில்லை. டம்ப்ளிங்குக்குச் சோயா சோஸை விட்டுவிட்டு, காய்ந்த மிளகாயும் உள்ளியும் தட்டி வினாகிரியில் போட்டுத் தொடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கிறேன், இதுவரை ஏறவில்லை. ஏறினால் அன்றைக்கே விட்டுவிடுவேன்.

பைக்கற் நூடில்ஸைத் தொடாததற்கு இதுதான் பெரிய காரணம். அந்தச் சின்ன உறையில் உள்ள தூள் முழுவதையும் கொட்டினால் நாள் உப்பில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பாதித் தூளை எறிந்துவிடுங்கள்.

ஏப்ரல் 6

முதல் கேள்வி கேட்டவர் வயிறு என்ன சொல்கிறது என்று விசாரித்திருக்கிறார். வெள்ளை மாவை மட்டும் நம்பினால் நீங்கள் சொன்னபடி ஊதத்தான் செய்யும், மலமும் இறுகும். காலையில் சிவப்பரிசிப் புட்டு, ராமெனுக்குள் ஒரு பிடி முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி, பின்னேரம் பனங்கிழங்கு. அது போதுமாக இருக்கிறது. முருங்கையிலையைச் சாற்றோடு அவிக்காமல், கிண்ணத்தில் போட்டு மேலே கொதிக்கிற சாற்றை ஊற்றுங்கள், பச்சை மணம் போய் நிறம் நிற்கும்.

வாய் அவியவில்லை.

ஏப்ரல் 10

வெயில். பன்னிரண்டு மணிக்குக் கொதிக்கிற சாற்றுக்கு முன்னால் உட்கார முடியவில்லை. நாலு மணிக்குப் பிறகுதான் பசியே வருகிறது.

ஜப்பானில் இதற்குத் தோதான ஒரு வகை இருக்கிறது. நூடில்ஸைத் தனியாகவும் கட்டியான சாற்றைத் தனியாகவும் வைத்துத் தொட்டுச் சாப்பிடுகிற வகையை யமகிஷி கசுவோ என்ற சமையற்காரர் 1955 இல் ரோக்கியோக் கடையில் விற்கத் தொடங்கினார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூடில்ஸை அவித்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசிப் பிழிந்து வைக்கிறேன். ஊர்க்கோழிச் சாற்றைப் பாதியாக வற்றவைத்து, அதில் தொட்டுச் சாப்பிடுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் அலசும்போது நூடில்ஸ் இன்னும் இறுகி நல்ல கடியாக இருக்கிறது.

கோழிச் சாறு எப்படி வெள்ளையாக வருகிறது என்று கேட்டவருக்கு: கோழிக்காலும் முதுகெலும்பும் போட்டு, மூடிவைத்து, விறகடுப்பில் ஐந்து மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மெல்லியதாகக் கொதித்தால் தெளிந்த சாறு, வேகமாகக் கொதித்தால் கொழுப்பும் எலும்புப் பசையும் ஒன்றாகக் கலந்து பால் நிறமாகும். பாலை விறகு இருந்தால் ஒருமுறை மூட்டினால் நின்று எரியும், நடுவில் எழும்பி எழும்பித் தள்ளத் தேவையில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. இன்றைக்கு ராமென் இல்லை, அம்மாவின் கையால் சோறும் பாயாசமும். சவாலில் ஓட்டை விழுந்தது என்று யாரும் எழுத வேண்டாம், வருடப்பிறப்பில் வீட்டோடு இலை போட்டுச் சாப்பிடாத சவால் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 27

கூழ் ராமென். எழுதலாமா விடலாமா என்று யோசித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை செய்ததில் என் மனதுக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. ஒடியல் கூழில் நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி விட்டு, செத்தல் மிளகாய் அரைத்துச் சேர்த்து, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து விடுகிறோம். கட்டியான கடலுணவுச் சாறு. அதற்கு நூடில்ஸ் போடுவது பாவம் என்று மாங்குளத்தில் இருந்து அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். அண்ணை, கூழைக் கூழாகக் குடிக்கிற நாளுக்கு நான் கை வைக்கவில்லை. இது வேறு சட்டி.

முல்லைத்தீவில் இருந்து நண்டு வந்தது. ஓட்டைத் தட்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் விட்டு அவித்து வடித்தேன். ஒடியல் மாவை முதல்நாளே ஊறவிட்டு மேல்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் எடுத்தேன், இல்லையென்றால் கைப்பு நிற்கும். கூழுக்கு விடுவதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கரைத்தேன், சாறு நூடில்ஸில் ஒட்டுகிற அளவு. புளி குறைவு. மேலே நண்டுத் தசையும் அவித்த பயற்றங்காயும். முதல் வாயில் பனையின் அந்தப் புகைந்த மண்வாசம் வருகிறது, அடுத்து நண்டின் இனிப்பு, கடைசியில் மிளகாய் தொண்டையில் ஏறுகிறது. மூத்தவன் பள்ளிக்கூடத்தால் வந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கூழ் தலைமயிர் வளத்திருக்கு” என்று சொல்லிச் சிரித்தான். பிறகு பாதியை அவன்தான் சாப்பிட்டான்.

நூடில்ஸ் மாவுக்குள்ளேயும் ஒடியல் மா கலக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அறுந்துவிடும், அதில் இழுவைப் புரதம் இல்லை.

மே 12

இந்தக் கிழமை ராமெனும் இல்லை டம்ப்ளிங்கும் இல்லை. சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009 இல் போரின் கடைசி நாட்களில் அதுதான் இருந்தது, அதற்கும் வரிசையில் நின்றோம். 18 ஆம் திகதி வரை வீட்டிலும் நாங்கள் எளிமையாகத்தான் சாப்பிடுவோம். யாரும் பகுதி எப்போது தொடரும் என்று கேட்க வேண்டாம், நானே வருவேன்.

மே 21

திரும்ப அடுப்பு மூட்டினேன். நெத்தலிச் சாறு, ஒரு முட்டை. ஊர்க்கோழி முட்டை சின்னது, கொதிக்கிற தண்ணீரில் ஆறு நிமிடத்துக்குள் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மஞ்சள் கரு தேன் பதத்தில் நிற்கும்.

மார்ச் 16 இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அன்றைக்கு ஜப்பான்காரர் செய்ததைத்தான் பெரிதாக எழுதியிருந்தேன். முகாமில் துணியால் மாவை அரித்துப் பிள்ளைகளுக்காக ரொட்டியில் சீனி தூவித் தந்த பெண்கள் செய்ததும் அதே வேலைதான். அவர்களிடம் மீனும் கோழியும் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 2

வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் வருகிறது. கடல்நீரில் விளக்கேற்றுகிற அம்மன். எங்கள் வீட்டில் பொங்கல் முடியும் வரை மச்சம் இல்லை, ஆகவே மாசியும் நெத்தலியும் கோழியும் வெளியே. முள்ளியவளை அக்கா, மரக்கறி ராமென் எப்படி என்று நீங்கள் கேட்டது சரியான நேரம்.

சீனாவின் சிச்சுவான் பக்கத்து எள்ளு நூடில்ஸை ஜப்பானுக்குக் கொண்டுபோய்ச் சாற்றோடு பழக்கியவர் சென் கென்மின் என்ற சமையற்காரர். அதைத் தான்தான்மென் என்கிறார்கள். அங்கே இறைச்சி போடுவார்கள், எள்ளுதான் முக்கியம். எள்ளு எங்களிடம் இருக்கிறது, கச்சானும் முல்லைத்தீவு மண்ணில் விளைகிறது. வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, அதில் பாதியளவு வறுத்த கச்சானோடு அம்மியில் எண்ணெய் கக்கும் வரை அரைத்தேன். அங்கே எண்ணெய் எடுக்க முன் எள்ளை வறுப்பதால்தான் அந்த ஆழமான மணம். எங்கள் நல்லெண்ணெயில் அது இல்லை, அதனால் கடைசியில் கொஞ்சம் வறுத்த எள்ளை நல்லெண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றினேன்.

சாற்றுக்குக் காய்ந்த காளான், தக்காளி, கோவாத் தண்டு, இஞ்சி. சோயா மீற்றை ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்து, மிளகாய்த்தூளோடு மொறுமொறுப்பாக வதக்கி மேலே போட்டேன். உள்ளியும் வெங்காயமும் விரதத்துக்குச் சேர்க்காத வீடுகள் இஞ்சியையும் மிளகையும் கூட்டிக்கொள்ளுங்கள். டம்ப்ளிங்குக்கு முளைவிட்ட பயறும் கரட்டும், அதே மடிப்பு.

வீட்டுக்காரர் முதல்முறையாகத் தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டார்.

ஜூன் 5

அம்மியில் அரைத்த எள்ளு மிஞ்சியிருக்கிறது. பாணில் தடவிப் பாருங்கள்.

ஜூன் 16

பாலைப்பழம் வந்துவிட்டது. கொட்டை எடுத்து, தேங்காய்ப்பூவோடு அரிசி மாத் தோலுக்குள் வைத்து அவித்தோம். சூட்டில் பழம் இளகி உள்ளே பாகாகிவிடுகிறது, தனியாகச் சர்க்கரை தேவையில்லை. பாலைப்பழம் உதட்டில் ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும், அவித்தால் அந்தப் பசை அவ்வளவாக இல்லை. இது சவாலுக்குள் வருமா வராதா என்று வாதாட வேண்டாம், டம்ப்ளிங்தான்.

ஜூன் 17

மல்லாவி அக்கா, உங்கள் மாதர் சங்கத்துக் கூட்டத்துக்கு நாற்பது பேருக்குச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம். ராமென் வேண்டாம், நாற்பது கிண்ணமும் ஒன்றாகச் சூடாக நிற்காது, நூடில்ஸ் ஊறிப்போகும். டம்ப்ளிங் செய்யுங்கள். ஒருவருக்கு ஆறு வீதம் 240. இரண்டரைக் கிலோ மா எடுங்கள், தோல் மெல்லியதாக வந்தால் மிஞ்சும். இறாலும் கோவாவும் சரிபாதியாக, மொத்தம் இரண்டரைக் கிலோ. கோவாவை நிறுப்பது பிழிந்த பிறகு. முதல்நாள் மடித்து வைக்க வேண்டாம், பிறிட்ஜில் வைத்தாலும் விடிய முன் அடி ஈரமாகி ஒட்டிவிடும். உள்ளுக்கு வைப்பதை மட்டும் இரவே சேர்த்து வையுங்கள். காலையில் வயது போன அம்மாமார் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு இருத்தினால் ஒரு மணி நேரத்தில் மடித்து முடிப்பார்கள். நீத்துப்பெட்டி வீட்டுக்கு வீடு வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்க அடியில் பெயர் எழுதுங்கள்.